நூற்றுக்கு எத்தனை?

தமிழ்ப் பகுதியிற் கணக்கைப்பற்றி எழுதப் புகுந்த நம்மை நோக்கி, "இலக்கணமும் இலக்கியமும் பயில்வார்க்குக் கணக்கோடு என்ன வழக்கு?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அங்ஙனம் வினவுதல் முறையே. ஆயினும், எண்ணையும் எழுத்தையும் ஒன்றற்கொன்று அயலாகக் கருதும் வழக்கம் நம் முன்னோரிடத்து இருந்ததன்று. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி பயின்ற சிறுவனே எண்சுவடியும் பயின்றான். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் அளந்தறியும் முறைகளைச் செய்யுளில் வைத்தே கூறுகின்றது. அன்றியும், நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், பின்னங்களை நூற்றுவீதமாக மாற்றுதற்கு மாணாக்கரைப் பயிற்றுதல் என்பதாகும். இது பாதி கணக்கும் பாதி மொழியுமாய் நிற்பதொரு பாடம் என்பது நம் கருத்து. மொழிப்பாதியைக் கைவிட்டமையாலேயே கணக்குப்பாதியும் இளைஞர்க்கு விளங்காது போகின்றது என்பதை இயன்ற அளவு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

இன்று இப்பாடம் பல வகுப்பறைகளில் நடைபெறும் முறை யாவரும் அறிந்ததே. "பின்னத்தை நூறாற் பெருக்கு, வந்த விடையின் பக்கத்தில் நூற்றுவீதக் குறியை இடு" என்று ஆசிரியர் கரும்பலகையில் விதியொன்றை எழுதுகின்றார். மாணாக்கர் அதனைப் பெயர்த்தெழுதிக்கொள்கின்றனர். நான்கில் மூன்று என்னும் பின்னம் கொடுக்கப்பட்டால், மூன்றை நூறாற் பெருக்கி நான்கால் வகுத்து எழுபத்தைந்து என்று எழுதிவிடுகின்றனர். விடை சரியே, மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆனால் அதே மாணாக்கனை அழைத்து, "தம்பி, இந்த எழுபத்தைந்து எதனைக் குறிக்கின்றது? முன்பு முக்காலாய் இருந்த பொருள் இப்போது எழுபத்தைந்தாகப் பெருகிவிட்டதோ?" என்று வினவினால் அவன் வாய் திறப்பதில்லை. நாட்டு நலப்பணியின் பொருட்டு நாம் சென்ற மாலைநேர வகுப்புக்களில் இதனைப் பன்முறை கண்டோம். ஐந்திலொன்று என்பதை நூற்றுக்கு ஐந்து என்றும், எட்டிலொன்று என்பதை நூற்றுக்கு எட்டு என்றும் தயங்காது கூறுவோர் அங்கு ஒருவர் இருவர் அல்லர். அவர்கள் அறிவிற் குறைந்தவருமல்லர். கடையிற் சில்லறை எண்ணி வாங்குவதில் நம்மினும் வல்லவர். குறை அவர்களிடம் இல்லை. விதியை முன்னே வைத்துப் பொருளைப் பின்னே வைத்த முறையிலேயே இருக்கின்றது.

அவ்விதி தானும் முழு உண்மையைக் கூறுவதன்று. முக்காலை நூறாற் பெருக்கினால் எழுபத்தைந்து என்னும் முழு எண் வரும். அது முக்காலுக்குச் சமமன்று. அந்த எழுபத்தைந்தை மீண்டும் நூறால் வகுத்தாலன்றிப் பழைய மதிப்பு நிலைபெறாது. அவ்வாறு நூறால் வகுக்கும் தொழிலை அமைதியாகச் செய்து நிற்பதே இரண்டு சுழியும் இடையே ஒரு சாய்கோடுமாகக் காணப்படும் அச்சிறு குறி. மாணாக்கனோ அதனை ரூபாய்க் குறி, கிராம்க் குறி போன்றதோர் அடையாளமாக எண்ணி, நினைவிருந்தால் இடுகின்றான், மறந்தால் விடுகின்றான். 'அரை' என்பதும் 'நூற்றுக்கு அரை' என்பதும் அவனுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. முன்னது நூறில் ஐம்பது; பின்னது இருநூறில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை நூறு மடங்கு என்பதை அவனுக்கு உணர்த்தாத கணக்குப் பாடம் எத்துணை விரைவாக நடந்தேறினும் பயனில்லை.

இனி மொழியின் பக்கம் வருவோம். பின்னத்தைத் தமிழில் நாம் எவ்வாறு கூறுகின்றோம்? 'நான்கில் மூன்று' என்கின்றோம். முழுப்பொருள் எத்தனை கூறாக்கப்பட்டது என்பது முதலில் வருகின்றது. அவற்றுள் எத்தனை கொள்ளப்பட்டன என்பது பின்னே வருகின்றது. 'இல்' என்னும் உருபு, மூன்று என்பது நான்கனுள் அடங்கியது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆங்கிலத்திலோ தொகுதி முன்னும் பகுதி பின்னுமாகச் சொல்லப்படும். அவ்வழக்கைப் பின்பற்றி நம் சிறுவர் பலர் 'மூன்று பை நான்கு' என்றே வாய்விட்டுப் படிக்கின்றனர். இதில் 'பை' என்னும் ஒலிக்கு அவர்கள் உள்ளத்தில் ஒரு பொருளும் இல்லை. புத்தகப் பையோ காசுப் பையோ நினைவுக்கு வந்தாலும் வியப்பில்லை. 'நான்கில் மூன்று' என்று படிக்கப் பழகிய சிறுவனோ கணக்கைப் படிக்கும்போதே அதன் கருத்தையும் படித்துவிடுகின்றான்.

நூற்றுவீதத்துக்கும் இதுவே நிலைமை. சதவீதம், சதமானம், விழுக்காடு எனச் சொற்கள் பல வழங்குகின்றன. அவற்றுள் எதனையும் நாம் பழித்தோமில்லை. ஆயினும் முதன்முதற் கற்கும் சிறுவனுக்கு அவையனைத்தும் புதுச்சொற்கள். 'நூற்றுக்கு எழுபத்தைந்து' என்பது ஒன்றே அவன் பாட்டியும் அறிந்த பேச்சு. அதில் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' செய்யும் தொழிலை நோக்குக. ஒவ்வொரு நூற்றுக்கும் ஈடாக எழுபத்தைந்து என்று அது அளவுகோலையும் அளந்த பொருளையும் ஒருங்கே நிறுத்திக் காட்டுகின்றது. ஆதலின், பாடத்தின் முதல் வாரம் முழுதும் குறியையும் கலைச்சொல்லையும் ஒதுக்கிவைத்து, 'நூற்றுக்கு இத்தனை' என்னும் தொடரை மட்டுமே வாயாலும் கையாலும் வழங்கச் செய்தல் வேண்டும் என்கின்றோம். அத்தொடர் நன்கு ஊன்றியபின் விழுக்காடு என்னும் சொல்லைக் கொடுக்கலாம். அச்சொல் எழுதி எழுதிக் கை சலித்தபின், அதன் சுருக்கமாகக் குறியைக் கொடுக்கலாம். அப்போது குறி வெறும் அடையாளமாகத் தோன்றாமற் பொருளோடு கூடிய சுருக்கெழுத்தாகத் தோன்றும்.

நூறு என்னும் எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்பதையும் மாணாக்கர்க்குச் சொல்லுதல் வேண்டும். இருவேறு பகுதிகளையுடைய பின்னங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிதென்பது எளிதிற் புலனாவதில்லை. ஒரு தேர்வில் இருபத்தைந்துக்குப் பதினேழும், மற்றொரு தேர்வில் இருபதுக்குப் பதின்மூன்றும் வாங்கிய மாணாக்கன் எதில் மேம்பட்டான்? நூற்றுக்கு என்று மாற்றினால் முன்னது அறுபத்தெட்டு, பின்னது அறுபத்தைந்து, ஐயம் அகன்றது. ஒப்பிடுதற்பொருட்டு எல்லாவற்றையும் ஒரே மரக்காலால் அளத்தலே இதன் உட்கருத்து. இவ்வளவுகோல் மிகப் பழைமையானது. லூக்கா சுவிசேஷத்திற் பெயர் காணப்படும் அகுஸ்துராயன் ஏலத்தில் விற்ற பொருள்களுக்கு நூறிலொரு பங்கு வரி விதித்தான் என்பது உரோம வரலாற்றிற் கண்டது. நூறு என்று பொருள்படும் 'கெந்தும்' என்னும் இலத்தீன் சொல்லே பிற்காலத்து ஐரோப்பிய வணிகரின் ஏடுகளில் இடம்பெற்று, அவர் கைப்பட்டுச் சுருங்கிச் சுருங்கி இன்றைய குறியாக வடிவெடுத்தது.

நம் நாட்டிலோ நூறு என்னும் அளவுகோலுக்கு முன்பே மற்றொரு நுண்ணிய அளவுகோல் இருந்தது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி பதினாறில் ஒன்று. இவற்றைப் பழங்கதை என்று தள்ளிவிடுகின்றனர். இப்பாடத்துக்கு இவற்றினும் சிறந்த துணை வேறில்லை என்பது நம் துணிபு. மா என்பது இருபதிலொன்றாதலின் நூற்றுக்கு ஐந்து. இருமா பத்து, மும்மா பதினைந்து, நான்மா இருபது, ஐந்து மா சேர்ந்தது கால், அதாவது இருபத்தைந்து. காணி என்பது மாவில் நான்கிலொன்றாதலின் நூற்றுக்கு ஒன்றேகால். மாகாணி என்னும் பெயரையே பிரித்துப் பாருங்கள். அது மாவும் காணியும் கூடியது. ஐந்தும் ஒன்றேகாலும் கூட்டினால் ஆறேகால். நூறைப் பதினாறாற் பகுத்தாலும் ஆறேகாலே. சொல்லின் புணர்ச்சியே கணக்கின் கூட்டலாக அமைந்திருக்கும் இவ்வழகைத் தமிழாசிரியரும் கணக்காசிரியரும் ஒருங்கே ஒரு வகுப்பில் நின்று காட்டினால் எத்துணை நன்றாயிருக்கும்!

இதனைக் கூறுவதால் எண்சுவடியை முழுமையும் நெட்டுருப் பண்ணும் பழைய முறைக்குத் திரும்புதல் வேண்டும் என்று நாம் வாதிக்கின்றோம் எனக் கொள்ளற்க. பிரம்பின் முன்னே நின்று ஒப்பித்த காலம் போனது நன்றே. அன்றியும் மேற்கூறிய பழைய பின்னங்களெல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் பகுத்துப் பெறுவன. மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் அவற்றிடை அடங்கா. நாம் வேண்டுவது, மாணாக்கன் வாயில் இன்றும் வழங்கும் அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் சொற்களைப் படிகளாக்கி அவனை நூற்றின்மேல் ஏற்றுதல் ஒன்றே.

இத்தகைய மாற்றத்தை நம் நாடு முழுவதும் ஒருமுறை கற்றுக்கொண்டதும் உண்டு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் வரையில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. அதுவரை பதினாறின் மேல் நின்ற கணக்கை நூற்றின் மேல் நிறுத்த வேண்டியதாயிற்று. நாலணா இருபத்தைந்து பைசாவாயிற்று. எட்டணா ஐம்பது பைசாவாயிற்று. ஓரணாவோ சரியாக ஆறேகால் பைசாவாதலின், வழக்கில் ஆறு பைசாவாகக் கொள்ளப்பட்டது. எழுத்தறியாத காய்கறிக்காரியும் சில திங்களுள் அம்மாற்றத்தைக் கைவரப்பெற்றாள். அவளுக்கு விதி கற்பித்தவர் யார்? கையிலிருந்த காசே கற்பித்தது. 'பதினாறணாவும் உண்மை' என்று முழுமையைக் குறித்த பழமொழியும், 'நூற்றுக்கு நூறு உண்மை' என்று இன்று நாம் கூறுவதும் ஒரே கருத்தை இருவேறு அளவுகோலால் அளந்தவையே.

ஆயின் எவ்வாறு கற்பித்தல் தகும்? நமக்குத் தோன்றும் முறையைப் பணிவுடன் கூறுகின்றோம். முதலிற் பத்துக்குப் பத்தாகப் புள்ளி வைத்த கோலமொன்றைத் தரையிலோ பலகையிலோ இடுவித்தல் வேண்டும். நூறு புள்ளிகள் கண்முன் நிற்கின்றன. அவற்றுட் பாதியைச் சூழ்ந்து கோடிடச் சொன்னால் ஐம்பது. காற்பங்கைச் சூழ்ந்தால் இருபத்தைந்து. ஒரு வரிசை பத்திலொன்று. ஞாயிறுதோறும் தசமபாகம் என்னும் சொல்லைக் கேட்டு வளரும் சிறுவன், அது நூற்றுக்குப் பத்து என்பதை அவ்வரிசையிற் கண்ணாரக் காண்பான். ஐந்திலொன்றுக்கு எத்தனை வரிசை என்று வினவினால் இரண்டு என்பான். அதன்பின் 'நூற்றுக்கு ஐந்து' என்னும் பிழை அவன் வாயில் வாராது.

அடுத்தபடியாக, இரண்டு, நான்கு, ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து, ஐம்பது என நூறை மீதியின்றி வகுக்கும் பகுதிகளையுடைய பின்னங்களை எடுத்துக்கொள்ளலாம். இங்கே நீண்ட வகுத்தலுக்கு இடமேயில்லை. பகுதியை நூறாக்க எத்தனையாற் பெருக்கினோமோ அத்தனையாலேயே தொகுதியையும் பெருக்கினாற் போதும். இருபத்தைந்தில் பதினேழு, நூற்றுக்கு அறுபத்தெட்டாவது இவ்வாறே. அதன்பின் எட்டு, பதினாறு, நாற்பது போன்ற பகுதிகள் வரலாம். நூறை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குப் பன்னிரண்டரை. ஆகவே எட்டில் மூன்று முப்பத்தேழரை. 'ஒரு பங்கு எவ்வளவு?' என்று கண்டுகொண்டு மேற்செல்லும் இம்முறை, வீட்டில் முறுக்குப் பங்கிடும் பிள்ளைகளுக்குப் புதியதன்று. ஈற்றில்தான் மூன்று, ஆறு, ஏழு முதலிய பகுதிகள் வரவேண்டும். அரசன் கொள்ளும் இறை விளைவில் ஆறிலொரு பங்கு என்பது பண்டைய நூல்களிற் பயின்ற மரபு. அதனை நூற்றுக்கு என்று மாற்றினாற் பதினாறும் மூன்றில் இரண்டும் என வந்து நிற்கும். பதின்மத்தில் எழுதினால் ஆறு என்னும் எண் முடிவின்றித் தொடரும். எல்லாப் பின்னமும் நூற்றில் அழகாக அமர்ந்துவிடுவதில்லை என்பதும் மாணாக்கன் அறியவேண்டிய உண்மைகளுள் ஒன்று. பெருக்கி வகுக்கும் பொதுவிதியை இவ்விடத்திற் கொடுக்கலாம். இதற்குள் அது அவனுக்கு விதியாகத் தோன்றாது; தானே கண்டறிந்த சுருக்க வழியாகத் தோன்றும்.

கணக்கிடுமுன் மதிப்பிடும் பழக்கத்தையும் விடாது பயிற்றவேண்டும். ஏழில் ஐந்து என்றவுடன் பென்சிலை எடாமல், 'இது பாதியினும் மிக்கதா? முக்காலினும் குறைந்ததா?' என்று மாணாக்கன் தன்னைத்தான் வினவிக்கொள்ளல் வேண்டும். ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையே விடை நிற்கும் என்று முன்னமே அறிந்தவன், வகுத்துப் பார்த்து எழுபத்தொன்றரைக்குச் சற்றுக் குறைவாகப் பெறும்போது மகிழ்வான். கை தவறி ஏழு என்றோ எழுநூறு என்றோ வந்தால் தானே திடுக்கிட்டுத் திருத்துவான். மேலும், நான்கில் ஐந்து போன்ற பின்னங்களையும் அவன் காணவேண்டும். சென்ற ஆண்டு நான்கு மூட்டை கண்ட வயல் இவ்வாண்டு ஐந்து மூட்டை கண்டால், சென்ற ஆண்டின் விளைவுக்கு இவ்வாண்டின் விளைவு நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து. நூற்றுக்கு மேல் வீதமே இல்லை என்னும் மயக்கம் இதனால் ஒழியும்.

இத்துணை விரிவாக இதனைக் கூறவேண்டிய தேவை என்ன என்று சிலர் எண்ணலாம். தேர்வில் இரண்டொரு மதிப்பெண்ணைப் பொறுத்த செய்தியாயின் நாமும் வாளாவிருந்திருப்போம். ஏழையின் வயிற்றையும் மானத்தையும் பொறுத்த செய்தியாதலின் வாளாவிருத்தல் இயலவில்லை. கடைத்தெருவிற் சிறு கடை வைத்திருக்கும் ஒருவர் பதினாயிரம் ரூபாய் தண்டற்கடன் பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுப்போர் ஆயிரத்தைந்நூறு ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு எண்ணாயிரத்தைந்நூறு ரூபாயைக் கையில் தருகின்றனர். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளிற் பதினாயிரமும் திரும்பவேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்கின்றனர். உண்மையில் அவர் கைக்கு வந்தது எண்ணாயிரத்தைந்நூறு. அதன்மேற் கொடுக்கும் மிகை ஆயிரத்தைந்நூறு. பின்னமாக்கினாற் பதினேழில் மூன்று. நூற்றுக்குப் பதினேழரைக்கும் மேல். அதுவும் ஆண்டுக்கன்று, நூறு நாளுக்கு. அதிலும் நாள்தோறும் அவர் திருப்பிக்கொண்டே வருவதால், அத்தொகையிற் சராசரி ஏறக்குறையப் பாதியே அவர் கையில் நிற்கின்றது. இவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூற்றையும் கடந்துவிடும். 'மூன்று வட்டி' என்று ஊரில் வழங்கும் சொல்லும் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்பதாகும், ஆண்டுக்கு முப்பத்தாறு. மிகுவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் தான் கொடுக்கும் வட்டி எத்துணை என்பதைக் கணித்தறியாதவன் அச்சட்டத்தின் நிழலைத் தேடிச் செல்வது யாங்ஙனம்?

பொற்கடையிலும் இக்கணக்கே நம்மை எதிர்கொள்கின்றது. இருபத்திரண்டு காரட்டுப் பொன் என்பது இருபத்துநான்கில் இருபத்திரண்டு பங்கு தூய பொன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மிகுதி. நகையில் 916 என்று பொறிக்கப்பட்டிருப்பதன் பொருள், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துப் பதினாறு என்பதே. பதினெட்டுக் காரட்டுப் பொன் முக்காற் பங்கு, ஆதலின் 750. இனி, சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று கடைக்காரர் கூறுவாராயின், அதனைப் பின்னமாக மீட்டு எட்டிலொன்று என்று அறிந்த பெண்மணி, எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு ஒரு கிராம் பொன்னின் விலை சேதாரமாகவே போகின்றது என்பதை அந்நொடியே உணர்வாள். அறியாதவளோ கடைக்காரர் காட்டும் கணிப்பொறியின் எண்களை வணங்கி வெளிவருவாள். பின்னத்திலிருந்து நூற்றுவீதத்துக்குச் செல்லும் வழியை மட்டும் கற்பித்து, நூற்றுவீதத்திலிருந்து பின்னத்துக்கு மீளும் வழியைக் கற்பியாதிருத்தல் குறையே என்பதற்கு இதுவே சான்று.

இவ்விரண்டு எடுத்துக்காட்டாலும் விளங்குவது ஒன்றுண்டு. நூற்றுவீதக் கணக்கின் உயிர்நிலை 'எதற்கு?' என்னும் வினாவில் இருக்கின்றது. நூறு ரூபாய்ப் பொருளின் விலையை நூற்றுக்கு இருபது குறைத்து, பின்னர் நூற்றுக்கு இருபது கூட்டினாற் பழைய விலை வாராது; எண்பதாகி, எண்பதன்மேற் பதினாறு கூடித் தொண்ணூற்றாறே வரும். முதல் இருபது நூற்றுக்கு. இரண்டாம் இருபது எண்பதுக்கு. ஒரு வகுப்பில் நாற்பதின்மருள் முப்பதின்மரும், மற்றொரு வகுப்பில் இருபதின்மருட் பன்னிருவரும் தேர்ச்சி பெற்றால், வீதங்கள் எழுபத்தைந்தும் அறுபதும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி அறுபத்தேழரை என்பார் உளர். உண்மையோ அறுபதின்மருள் நாற்பத்திருவர், எழுபது. மூவர் மட்டும் எழுதிய தேர்வில் ஒருவர் தவறினால், "மூன்றிலொரு பங்கினர் தவறினர்" என்று பேரிடிபோல் முழங்குவதும் இவ்வகையினதே. நூற்றுவீதம் ஒப்பிடுதற்கு உதவும். அதனோடு முழுத்தொகையை மறைக்கவும் அது வல்லது. செய்தித்தாளிலும் தேர்தல் மேடையிலும் விளம்பரத்திலும் இவ்வெண்களே நாடோறும் நம்மீது பொழியும் இக்காலத்தில், 'எதில்? எதற்கு?' என்று கேட்கப் பழகாத குடிமகன் பிறர் சொற்கு எளிதில் இரையாவான்.

நம் கருத்துக்கு மாறாகச் சொல்லத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது. பாடநூலோ பெரிது, தேர்வோ அண்மையில், கோலமிட்டுக்கொண்டிருந்தால் பாடம் முடிவதெப்போது? இக்குறையில் உண்மை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆறாம் வகுப்பில் மிச்சப்படுத்திய ஒரு வாரத்தை, அதே பாடத்தை ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மீண்டும் மீண்டும் கற்பித்து இழக்கின்றோம். வட்டியும் இலாபநட்டமும் கற்பிக்கும்போதெல்லாம் பழைய இருள் திரும்பத் திரும்ப வந்து குறுக்கிடுகின்றது. அடித்தளத்திற் செலவிட்ட நாள் வீணாவதில்லை. மற்றொன்று, கைப்பேசியே எல்லாக் கணக்கும் செய்துவிடுகின்றது. மனத்தால் மாற்றக் கற்பது எதற்கு என்பது. கைப்பேசி ஆயிரத்தைந்நூறை எதனால் வகுக்கச் சொன்னாலும் நொடியில் வகுத்துத் தரும். ஆனால் பதினாயிரத்தால் வகுப்பதா, எண்ணாயிரத்தைந்நூற்றால் வகுப்பதா என்பதை அது சொல்லித் தருவதன்று. அதனைத் தெரிந்தெடுப்பது மனிதனின் கடன். கருவி பெருகப் பெருக, வினவும் அறிவின் தேவையும் பெருகுமேயன்றிக் குறையாது.

இக்கல்லூரியினின்று வெளிச்செல்வோரிற் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வர். முன்னரே மேற்கொண்டோரும் இவ்விதழைப் பார்வையிடுவர். அவர்கள்பால் நாம் வேண்டுவது பெரிதன்று. நாளை வகுப்பிற் புகும்போது, கரும்பலகையில் விதியை எழுதுமுன் ஒரு வினாவை எழுதுக. அவ்வினா 'நூற்றுக்கு எத்தனை?' என்பதாக இருக்கட்டும். விடை வந்தபின், 'எந்த நூற்றுக்கு?' என்று மற்றொரு முறையும் வினவுக. இளமையிலேயே இவ்விரு வினாக்களும் நாவிற் படிந்துவிட்ட பிள்ளை, பின்னொரு நாள் கடன் பத்திரத்தில் ஒப்பமிடும்போதும் அவற்றைக் கேளாதிருக்கமாட்டான். அந்நாளில் அவனுக்குத் துணையாக நிற்பது, அவன் என்றோ மறந்துவிட்ட விதியன்று. அவன் தாய்மொழியில் நன்கு விளங்கிக்கொண்ட பொருளே என்பது நம் உறுதி.